சிரிப்பைக் குறிக்க வேண்டாம்

மகள் தன் அறையில் தனியாகச் சிரிக்கும் சத்தம் கேட்டபோது சுருக்கெழுத்தர் சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். பாதித் தேநீர் மேடையில் கொட்டியது. பெற்ற பிள்ளை வாய்விட்டுச் சிரித்தால் எந்த அப்பனுக்கும் மனம் குளிரும். இவருக்கு அப்படி இல்லை.

அவள் சிரித்தால் வீடே அதிரும். மூன்று வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டதால், தன் சிரிப்பு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. மாடிவீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிப்போனார்கள்.

"என்னவாம் மகாராணிக்கு?" என்று கேட்டாள் மனைவி. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையால் தலையை வாரிக்கொண்டு, மறு கையால் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பழைய கிளாஸோட ரெக்கார்டிங் பாக்குறா."

"பாக்கட்டுமே. அதுக்கு ஏன் நீங்க டீயை மேடைக்கு ஊத்துறீங்க?"

அவர் துணியை எடுத்து மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

நீதிமன்றத்தில் அவருக்கு 'கமா' என்று பட்டப்பெயர். யார் என்ன சொன்னாலும் ஒரு கமாகூட விடாமல் எடுத்துவிடுவார் என்பதால் வந்த பெயர். வக்கீல்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள், ஆனால் அவர் அதைப் பதக்கம் போல மாட்டிக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாட்சி எதையோ உளறிக்கொட்ட, மன்றமே சிரித்தது. இவர் மெனக்கெட்டு அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'சிரிப்பு' என்று எழுதிவைத்தார். நீதிபதி அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிரிப்பையெல்லாம் குறிக்க வேண்டாம். இருமல், தும்மல், வக்கீலுங்க தங்களுக்குள்ள பேசிக்கிற வம்பு, எதுவும் வேண்டாம். கேஸுக்கு வேண்டியது மட்டும் எழுதுங்க."

ஓய்வுபெறும்வரை அந்தக் கட்டளையை அவர் மீறவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மீறவில்லை என்பதுதான் தொல்லை.

மகளின் படிப்பு பள்ளியிலேயே இழுபறிதான். முதல் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியார் உதட்டைப் படிப்பாள். வாத்தியார் கரும்பலகை பக்கம் திரும்பினால் போச்சு, பாடம் பாதியில் அறுந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள்; அந்தப் பிள்ளை தப்பாக எழுதியிருந்தால் இவளுக்கும் அதே தப்பு. கல்லூரியில் நூறு பேர் உட்காரும் கூடத்தில் பேராசிரியர் நடந்துகொண்டே பேசினார். ஒரு பருவம் தாக்குப்பிடித்தாள். பிறகு பையை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள். அவள் பேசுவது வீட்டில் உள்ளவர்களுக்கு நன்றாகப் புரியும், வெளியாருக்குப் புரியாது. அதனால் வெளியே பேசுவதையும் நிறுத்தினாள்.

அப்புறம்தான் நிலப்படம் வரைகிற படிப்பு ஒன்று தொலைதூரக் கல்வியில் இருப்பது தெரிந்தது. வகுப்பு கணினியில் நடக்கும். மேசையில் இரண்டு திரை வைத்தார்கள். ஒன்றில் பாடம் ஓடும். வரைபடம் திரை முழுக்க நிற்க, ஆசிரியர் முகம் மூலையில் தபால்தலை அளவுக்குத் தெரியும். அந்த அளவில் உதட்டைப் படிக்க யாராலும் முடியாது. அதற்குத்தான் இரண்டாவது திரை. சுருக்கெழுத்தர் காதில் ஹெட்போனை மாட்டி, மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு, ஆசிரியர் சொல்லச் சொல்லத் தட்டுவார். எழுத்து அவள் கண்முன்னே ஓடும்.

அவள் தலைகீழாக மாறிப்போனாள். புரியாத இடத்தை நிறுத்திவைத்து மறுபடி பார்க்கலாம். கேள்வி இருந்தால் சாட்டில் எழுதலாம், அங்கே அவள் குரலைக் கேட்டு யாரும் முழிக்க மாட்டார்கள். வரைந்து அனுப்பினால் ஆசிரியர் திருத்தி அனுப்புவார். கொஞ்ச நாளில் திருத்துவதற்கு அவருக்கு ஒன்றும் இல்லாமல் போனது. மகளுக்கு எவ்வளவு சந்தோஷமோ அதே அளவு சந்தோஷம் அப்பாவுக்கும். ஓய்வு பெற்றுவிட்டு, செய்தித்தாளில் வரி விளம்பரம் முதற்கொண்டு படித்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது விரலுக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது. "என் பொண்ணுக்கு நான்தான் காது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருந்ததை மறுப்பதற்கில்லை.

நடுநடுவே திரையில் மற்ற மாணவர்களின் சின்னச் சின்ன முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிரிக்கும். மகள் திரும்பி, "என்னப்பா?" என்பாள்.

"ஒண்ணுமில்ல" என்பார் அவர்.

பொய் என்று நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. பாடத்துக்கு வேண்டாதது, அவ்வளவுதான். அந்த வகுப்பில் முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்தபடியே படிக்கிற பையன் ஒருவன் இருந்தான். தன் பெயருக்குப் பதிலாகக் 'கட்டில்' என்று போட்டுக்கொண்டவன். ஆசிரியர் "எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க" என்றால், "சார், எனக்கு மட்டும் விதிவிலக்கு குடுங்க" என்பான். வகுப்பு முழுக்க அவன் பேச்சுக்குத்தான் சிரிக்கும். வழக்கமாக அவன் கேமராவைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவைத்திருப்பான். சுருக்கெழுத்தர் அவன் பேசிய ஒரு சொல்லைக்கூடத் தட்டவில்லை. அந்த வகுப்பில் தன்னைப் போல இன்னொரு ஆள் இருப்பதே மகளுக்குத் தெரியாமல் போனது.

போன வாரம் எல்லாம் மாறியது. அந்தக் கட்டில் பையன் கல்வி அலுவலகத்தை விடாமல் நச்சரித்ததில், வகுப்புகளுக்குத் தானாகவே சப்டைட்டில் ஓடும்படி செய்துவிட்டார்கள். நடக்கிற வகுப்புக்கு மட்டுமல்ல, பதிவாகி இருக்கிற பழைய வகுப்புகளுக்கும் சேர்த்து. மகள் அப்பாவின் கீபோர்டைத் துடைத்து, வயரைச் சுற்றி, பத்திரமாக அலமாரி மேல் வைத்தாள். "உங்க விரலுக்கு ரெஸ்ட்" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு முதல் வகுப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். எல்லோரும் எப்போதோ சிரித்து முடித்ததற்கு இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவரைச் சுட்டது அந்தச் சிரிப்பு மட்டுமல்ல. சம உயரக் கோடுகளைப் பற்றிய வகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஆசிரியர் சொன்னது பதிவாகி இருக்கிறது. அவளுக்கு உதடு தெரியாதபடி முகத்தைத் திருப்பி இவர் மைக்கில் சொன்ன பதிலும் பதிவாகி இருக்கிறது. அதை இவர் தட்டவே இல்லை. அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். அந்த வகுப்பு தொலைவில் இல்லை.

மத்தியானம் மகள் குளிக்கப் போன நேரத்தில், அவர் கூடத்து மூலையில் குனிந்து மோடத்தின் வயரைப் பிடுங்கினார். செய்யும்போதே கூசியது. பிள்ளைகள்கூடச் செய்யத் தயங்குகிற அற்ப வேலை. மறந்துவைத்த கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்த மனைவி, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலி கடிச்சிடுச்சா?" என்றாள்.

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. வயரை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? காலையிலேர்ந்து உங்க மூஞ்சியே சரியில்ல."

மென்று விழுங்கிச் சொன்னார். பாடம் முடிந்த பிறகு ஆற்றங்கரையில் முகாம் போட்டு, நிலத்தை நேரில் அளந்து படம் வரைகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. வகுப்பில் சிலரை மட்டும்தான் கூட்டிப்போவார்கள். போய்வந்தவர்களுக்கு வேலை கிடைப்பது சுலபம். ஆசிரியர் மகளைக் கூப்பிட்டார். அவளிடம் சொல்லாமலே இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க?"

"ஆறு. பாறை. பின்னாடி யாராவது 'ஜாக்கிரதை'ன்னு கத்தினா அவளுக்குக் கேக்குமா? நான் இல்லாம..."

"நீங்க இல்லாம?"

அந்த இடத்தில்தான் முள் இருந்தது. ஆற்றைப் பற்றிய பயம் உண்மைதான். ஆனால் அதற்கடியில் அன்று வேறு ஒன்றும் இருந்தது. அவள் முகாமுக்குப் போய், அப்பா இல்லாமல் சமாளித்துவிட்டால்? அப்புறம் அந்த நாற்காலியில் இவருக்கு என்ன வேலை? இதை நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"நானா இருந்தாலும் பயந்துதான் இருப்பேன்" என்றாள் அவள். "ஒருவேளை வேணாம்னுகூட சொல்லியிருப்பேன். ஆனா அவகிட்ட சொல்லி, அவகூட சண்டை போட்டு, அப்புறம்தான் வேணாம்னு சொல்லியிருப்பேன். முதல்ல அந்த வயரைச் சொருகுங்க. மெஷின் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க."

அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் வயரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

சாயங்காலம் மகள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அடுத்த வகுப்பு திறந்து நின்றது. அதே வகுப்பு. வரைபடத்தில் மலையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கோடுகள் வளைந்து வளைந்து கிடந்தன. அவள் இன்னும் ஓடவிடவில்லை, பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சுருக்கெழுத்தர் அலமாரி மேலிருந்து கீபோர்டை எடுத்து, இரண்டாவது திரையில் மாட்டி, பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதான் எழுத்து வருதே. எதுக்குப்பா?" என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

நேருக்கு நேர் பார்த்து வாயால் சொல்லியிருக்கலாம். அவர் உதட்டை அவள் நன்றாகவே படிப்பாள். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தெரிந்த வேலையைச் செய்தார்.

'இந்த வகுப்பில் நான் தட்டாமல் விட்டது.

ஆசிரியர்: ஆத்தங்கரை முகாமுக்கு உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிறேன். இந்த செட்டுல அவங்க போடுற கோடுதான் சுத்தமா இருக்கு. வர்றாங்களா?

தந்தை: இல்ல சார். அவளுக்கு அது சரிப்பட்டு வராது.'

மகள் படித்தாள். சீவுகிற கை நின்றது. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்" என்று உதட்டை அசைத்தார் அவர்.

அவள் பார்வையை எடுக்கவில்லை. சின்ன வயதில் கோர்ட்டுக்கு ஒருமுறை கூட்டிப்போனபோது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருந்தாள். அவர் அன்று சொன்னதை இப்போது அவரிடமே திருப்பிச் சொன்னாள்.

"சொன்னது சொன்னபடி, அப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் பாதியைப் பூசி மெழுகப் பார்த்திருக்கிறார். விரல்கள் கீபோர்டில் மறுபடியும் இறங்கின. எல்லாச் சொல்லும் ஞாபகத்தில் இருந்தது. ஒன்றையும் மறக்க முடியாத ஞாபகம் ஒரு சாபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

'ஆசிரியர்: அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். பக்கத்துலதானே இருக்காங்க.

தந்தை: கேட்டுட்டேன் சார். அவளே வேணாங்குறா.'

அவள் அந்தக் கடைசி வரியின் மேல் பென்சில் நுனியை வைத்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "அன்னைக்கு சார் என்னையே பாத்தாரு. என்ன சொல்றாருன்னு உங்களைக் கேட்டேன். நல்லா வரையறேன்னு பாராட்டுறாருன்னு சொன்னீங்க."

அவர் தலையாட்டினார்.

"நான் கேமராவைப் பாத்துச் சிரிச்சேன். கையைக்கூட ஆட்டினேன்." அவள் குரல் உடைந்தது. குரல் உடைந்தது அவளுக்குக் கேட்காது. கேட்டவர் அவர்தான். "வேணாம்னு சொல்லிட்டுச் சிரிச்ச மாதிரி இருந்திருக்கும் இல்ல? சாருக்கு."

இதை அவர் யோசித்ததே இல்லை. மறைத்தது தன் சொல்லை மட்டும்தான் என்று நினைத்திருந்தார். அவள் சிரிப்பையும் தன் பொய்க்குச் சாட்சியாக நிறுத்தியது இப்போதுதான் உறைத்தது. மன்னிப்பு என்ற சொல்லைத் தட்டத் தொடங்கினார். பாதியில் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கோபமாகப் பிடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை.

"நாளைக்குக் கிளாஸ் இருக்கு. நீங்க வந்து உக்காரணும்."

"நான் எதுக்கு?"

"சும்மா. பாக்குறதுக்கு."

அன்று இரவு அவள் அம்மாவோடு சாப்பிட்டாள். அவரோடு பேசவில்லை. தட்டை மட்டும் வழக்கம்போல அவருக்கும் எடுத்துவைத்தாள்.

மறுநாள் வகுப்பில் அவர் ஹெட்போன் மாட்டிக்கொள்ளவில்லை. ஒலி வெளியே வைத்து ஓடியது. ஆசிரியர் பேசப்பேச அடியில் சப்டைட்டில் வந்துகொண்டிருந்தது. சில இடங்களில் திக்கியது, சில இடங்களில் பின்தங்கி ஓடி வந்து சேர்ந்தது. அவர் கை அறியாமல் மடியில் தட்டப் பார்த்தது. கீபோர்டு அங்கே இல்லை. விரல்களைக் கோத்துக்கொண்டார்.

பாடம் முடிந்ததும் மகள் சாட்டில் எழுதினாள். அவர் தோள் பக்கமிருந்து படித்தார்.

'சார், ஆத்தங்கரை முகாமுக்கு என்னைக் கேட்டீங்கன்னு நேத்துதான் தெரிஞ்சது. எனக்கு வரணும். அன்னைக்கு வேணாம்னு சொன்னது நான் இல்ல.'

ஆசிரியர் படிப்பது தெரிந்தது. மூலையில் அந்தச் சின்ன முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

"அப்பா சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டேன்மா" என்றார். "உங்களுக்கே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கணும். சாட் இருக்கு, எல்லாம் இருக்கு. கேக்காதது என் தப்பு. உங்க இடத்துக்கு வேற ஒருத்தரைச் சேத்தாச்சு. இந்தத் தடவை வழியில்ல. அடுத்த முகாமுக்கு உங்க பேர்தான் முதல்ல. அது ஒரு வருஷம் ஆகும்."

ஒவ்வொரு சொல்லும் எழுத்தாக வந்து நின்று போயிற்று. யாரும் சுருக்கெழுத்தரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஆசிரியர் தன் தப்பு என்று அதைத் தூக்கிக்கொண்டதில் இவர் காது மடல் எரிந்தது. தன் மகளின் ஒரு வருடத்தைத் தான் எடுத்துக்கொண்டதாக நினைத்தார். அது உண்மையும்கூட.

அப்போது கூரையைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு சதுரத்திலிருந்து கட்டிலின் குரல் வந்தது.

"அக்கா, கவலைப்படாதீங்க. நான் வர்றேன்னு சொன்னப்ப சார் இடமில்லன்னு சொல்லல. கட்டிலுக்குத் தனியா டிக்கெட் எடுக்கணும்னு சொன்னாரு."

எழுத்து ஓடி வந்தது. மகள் படித்தாள். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கிய அதே நொடியில் அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தாள். மைக் திறந்திருந்தது. அந்தப் பெரிய சிரிப்பு எல்லோர் வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். ஆசிரியர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். "அக்கா சிரிப்பு செம" என்றது கட்டிலின் குரல். அதுவும் எழுத்தாக வந்தது. அவள் அதையும் படித்துவிட்டு இன்னும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அப்பா பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை நீங்க விட்டிருப்பீங்க, இல்லப்பா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கீபோர்டைத் தேடவில்லை.

"ஆமா" என்றார், அவளுக்குத் தெரியும்படி மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்து. "விட்டிருப்பேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். திரையில் யாரோ அவளிடம் எதையோ கேட்டிருந்தார்கள். அவள் அதற்குப் பதில் எழுதத் திரும்பினாள்.